வெய்ஷியன் முகாமில் சீஃபூ பள்ளிப் பிள்ளைகள் போர் முடிவைக் கொண்டாடிய நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த செய்தி உலகெங்கும் பள்ளிக்கூடங்களில் மணி அடித்தும் விடுமுறை விட்டும் கொண்டாடப்பட்டது. ஆனால் ஓர் உறைவிடப் பள்ளி முழுவதும், ஆசிரியர்களோடும் பாடப் புத்தகங்களோடும், எதிரி நாட்டுப் படையின் சிறை முகாமுக்குள் இருந்தபடி அந்த நாளைச் சந்தித்தது சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில். 1945 ஆகஸ்டு 17 அன்று அங்கே நடந்ததைப் பற்றி வாசகர்கள் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

அது எந்தப் பள்ளி? அங்கே யாருடைய பிள்ளைகள் படித்தார்கள்?

சீனாவின் வடகிழக்குக் கடற்கரையில், இன்று யான்டாய் என்று அழைக்கப்படும் துறைமுக நகரத்துக்கு அக்காலத்தில் வெளிநாட்டினர் வழங்கிய பெயர் சீஃபூ. சீன உள்நாட்டு மிஷன் என்ற கிறித்தவ ஊழிய அமைப்பை நிறுவிய ஜேம்ஸ் ஹட்சன் டெய்லர், தம் அமைப்பைச் சேர்ந்த மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1881-இல் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். பெற்றோர் சீனாவின் உள்மாகாணங்களில், ரயிலோ சரியான சாலையோ எட்டாத ஊர்களில் பணியாற்றினார்கள். பிள்ளைகள் ஆறேழு வயதிலேயே கடற்கரைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, ஆங்கிலேயப் பாடத்திட்டத்தில், ஆங்கிலேய உறைவிடப் பள்ளிக்குரிய கட்டுப்பாடுகளோடு வளர்ந்தார்கள். பயணம் நெடியது என்பதால், அமைதிக் காலத்திலேயே பல பிள்ளைகள் தாய் தந்தையரை ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பதே அரிது.

உறைவிடப் பள்ளி எப்படிச் சிறை முகாமாக மாறியது?

ஷான்டோங் கடற்கரை ஏற்கெனவே ஜப்பானியப் படையின் பிடியில் இருந்தது. ஆனாலும் பிரிட்டனும் அமெரிக்காவும் ஜப்பானோடு போரில் இல்லாதவரை பள்ளிக்குத் தொல்லை பெரிதாக இல்லை. அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியவுடன், சீன நேரப்படி 1941 டிசம்பர் 8 அன்று, ஜப்பானியச் சிப்பாய்கள் பள்ளி வளாகத்துக்குள் வந்தார்கள். தலைமையாசிரியர் சில காலம் பிடித்துவைக்கப்பட்டார். வாயிலில் காவல் போடப்பட்டது. பள்ளியில் இருந்தவர்கள் எந்த நாட்டவர் என்பதைக் காட்டும் கைப்பட்டை அணிய வேண்டியதாயிற்று.

1942 நவம்பரில் பள்ளிக் கட்டடங்களையும் ஜப்பானியப் படை எடுத்துக்கொண்டது. சின்னஞ்சிறு பிள்ளைகள் உட்பட அனைவரும் ஊரின் மறுபக்கத்தில் டெம்பிள் ஹில் என்ற இடத்துக்கு நடத்திக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த வழி நெடுக அவர்கள் விவிலியத்தின் 46-ஆம் சங்கீதத்தைப் பாடிக்கொண்டே போனார்கள். அங்கே சில வீடுகளில் நெருக்கியடித்துப் பத்து மாதங்கள் வாழ்ந்த பிறகு, 1943 செப்டம்பரில் கப்பலிலும் பின்னர் ரயிலிலுமாக உள்நாட்டில் இருந்த வெய்ஷியன் முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். வெய்ஷியன் நகரத்தின் இன்றைய பெயர் வெய்ஃபாங்.

வெய்ஷியன் முகாம் எப்படி இருந்தது?

அது முன்பு அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் மிஷனின் வளாகம். பள்ளி, மருத்துவமனை, தேவாலயம், மாணவர்கள் தங்கிய வரிசை வரிசையான சிறு அறைகள் ஆகியவை அங்கே இருந்தன. ஏறத்தாழ 180 மீட்டர் நீளமும் 140 மீட்டர் அகலமும் கொண்ட அந்த இடத்தில் ஏறக்குறைய 1,500 பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். வங்கி அதிகாரிகள், வணிகர்கள், பேராசிரியர்கள், பாதிரியார்கள், இசைக்கலைஞர்கள் என்று வடசீனாவில் வாழ்ந்த நேசநாட்டுக் குடிமக்கள் எல்லாத் தரப்பிலும் இருந்தார்கள். சுற்றிலும் மதில், அதன்மேல் மின்கம்பி, மூலைகளில் காவல் கோபுரம். நாள்தோறும் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள்.

இது குடிமக்களை அடைத்து வைத்த முகாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பர்மா ரயில் பாதையில் போர்க் கைதிகளும், அவர்களைவிடப் பெருந்தொகையாக மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் அடைந்த கொடுமையோடு இதை ஒப்பிட முடியாது. வெய்ஷியனில் பசி இருந்தது, குளிர் இருந்தது, நோய் இருந்தது, அச்சம் எப்போதும் இருந்தது. ஆனால் முகாமின் அன்றாட வேலைகளைக் கைதிகளே பிரித்துக்கொண்டு செய்ய அனுமதி இருந்தது. பள்ளி உயிரோடு இருந்ததற்கு அந்த இடைவெளியே காரணம்.

முகாமுக்குள் உண்மையிலேயே பாடம் நடந்ததா?

நடந்தது. அதுவும் ஒப்புக்கு நடக்கவில்லை. படுக்கைகளையும் பெட்டிகளையும் இருக்கைகளாக்கி, தாள் கிடைக்காதபோது எழுதியதை அழித்து அதன்மேலேயே மீண்டும் எழுதி, ஆசிரியர்கள் வகுப்புகளை விடாமல் நடத்தினார்கள். மேல்வகுப்பு மாணவர்கள் ஆக்ஸ்போர்டு பள்ளியிறுதித் தேர்வுகளை முகாமுக்குள்ளேயே எழுதினார்கள். போர் முடிந்த பிறகு அவை ஏற்றுக்கொள்ளப்பட்டன. சாரணியர் இயக்கக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சிறுமிகள் உறுதிமொழி சொல்லிச் சின்னம் பெற்றார்கள்.

உணவு மேசை ஒழுக்கத்திலும் ஆசிரியைகள் விட்டுக்கொடுக்கவில்லை. தகரக் குவளையில் சோளக் கஞ்சியோ பழைய ரொட்டியை ஊறவைத்துக் காய்ச்சிய கூழோ இருந்தாலும், அரண்மனையில் விருந்துக்கு அமர்ந்தால் எப்படி உண்பார்களோ அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்து, வாயில் உணவோடு பேசாமல் உண்ண வேண்டும். இதைப் படிக்கும் சிலருக்கு வீம்பாகத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நாளை என்ன நடக்கும் என்று பெரியவர்களுக்கே தெரியாத இடத்தில், ஒரு நாள் இங்கிருந்து வெளியே போய் எல்லாரையும் போல வாழப்போகிறோம் என்ற நம்பிக்கையைப் பிள்ளைகளின் உடம்புக்குள் ஏற்றிவைக்க அந்த ஆசிரியைகளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

பிள்ளைகளுக்கு வேலையும் இருந்தது. குளிர்காலத்தில் அடுப்பெரிக்கக் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் கரித்தூள்தான். சிறுமிகள் அதை வாளியில் அள்ளிவந்து, களிமண்ணும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து வெயிலில் காயவைப்பார்கள். மண் கூடினால் எரியாது; குறைந்தால் உதிர்ந்துவிடும். எந்த அறைப் பிள்ளைகளின் அடுப்பு செக்கச்செவேலென்று கனல்கிறது என்று அவர்களுக்குள் போட்டியே நடந்தது. சனிக்கிழமைகளில் மூட்டைப்பூச்சி வேட்டை. எலி பிடிப்பதற்கும் ஈ அடிப்பதற்கும் பரிசுகள் உண்டு. அருவருப்பான வேலைகளையெல்லாம் விளையாட்டாக மாற்றியது ஆசிரியர்களின் சாமர்த்தியம்.

சத்துக்குறைவு மட்டும் விளையாட்டுக்கு அடங்கவில்லை. கிராமத்து விவசாயிகளிடமிருந்து மதிலுக்கு அடியிலும் மேலாகவும் முட்டை கடத்திவந்த துறவி ஒருவர் முகாமில் இருந்தார். அந்தக் கள்ளச் சந்தையில் வந்த முட்டைகளின் ஓடுகளை மருத்துவர்கள் சேகரிக்கச் சொன்னார்கள். ஓட்டைப் பொடியாக அரைத்து, பல்லும் எலும்பும் வளரக் கால்சியம் வேண்டும் என்பதற்காக, பிள்ளைகளுக்குக் கரண்டியால் ஊட்டினார்கள். மணலைப் போல நறநறவென்று தொண்டையில் சிக்கும் அந்தப் பொடியைப் பிள்ளைகள் கண்ணீரோடு விழுங்கினார்கள்.

எரிக் லிடெல் இந்த முகாமில்தான் இருந்தாரா?

ஆம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற ஸ்காட்லாந்து வீரர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று மறுத்து 100 மீட்டர் ஓட்டத்தை விட்டுக்கொடுத்தவர். சீனாவில் பிறந்து, மிஷனரியாகச் சீனாவுக்கே திரும்பியவர். மனைவியையும் பெண்பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் முகாமில் அகப்பட்டுக்கொண்டார். பெற்றோர் இல்லாத சீஃபூப் பிள்ளைகளுக்கு அவர் ‘எரிக் மாமா’. கணிதமும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார், விளையாட்டுகள் நடத்தினார், உடைந்த ஹாக்கி மட்டைகளைக் கிழிந்த துணியால் சுற்றி ஒட்டிக்கொடுத்தார். பிள்ளைகள் நடுவரில்லாமல் ஆடிச் சண்டையிட்டபோது, அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டத்துக்கு நடுவராக நின்றார். 1945 பிப்ரவரி 21 அன்று மூளைக் கட்டியால் இறந்தார். விடுதலைக்கு ஆறு மாதங்கள்கூட இல்லை. ஆகஸ்டில் பிள்ளைகள் கொண்டாடியபோது அவருடைய கல்லறை முகாமுக்குள்ளேயே இருந்தது.

ஐரோப்பாவில் போர் முடிந்தது அவர்களுக்குத் தெரிய வந்ததா?

தெரிய வந்தது; அதற்கென்று ஒரு நள்ளிரவு நிகழ்ச்சியும் உண்டு. 1944 ஜூனில் ஆர்தர் ஹம்மல், லாரன்ஸ் டிப்டன் என்ற இருவர் மதிலேறித் தப்பி, சீனக் கெரில்லாப் படையோடு சேர்ந்துகொண்டார்கள். (ஹம்மல் பிற்காலத்தில் சீனாவுக்கான அமெரிக்கத் தூதராகப் பணியாற்றினார்.) அவர்கள் திரட்டிய செய்திகள், முகாமின் கழிவுக்குழிகளைச் சுத்தம் செய்ய வந்த சீனத் தொழிலாளர்கள் மூலமாக இரகசியமாக உள்ளே வந்தன. அந்தத் தொழிலாளர்கள் பிடிபட்டிருந்தால் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். 

1945 மே மாதத்தில் ஜெர்மனி சரணடைந்த செய்தி வந்தவுடன், அப்படி ஒரு நாள் வந்தால் மணி அடிப்போம் என்று முன்னமே சொல்லிவைத்திருந்தவர்கள் நள்ளிரவில் முகாமின் பெரிய மணியை அடித்துவிட்டார்கள். யாரோ தப்பித்துவிட்டார்கள் என்று பதறிய காவலர்கள், தூக்கத்திலிருந்த அனைவரையும் எழுப்பி இருட்டில் வரிசையாக நிற்க வைத்து எண்ணினார்கள். தூக்கக் கலக்கத்தில் இரவு உடையோடு நின்ற பிள்ளைகள், பாதிப் போர் முடிந்துவிட்டது என்பதை அப்படித்தான் அறிந்தார்கள்.

ஆகஸ்டு 17 அன்று காலையில் என்ன நடந்தது?

ஜப்பான் பேரரசர் சரணடைவதை வானொலியில் அறிவித்தது ஆகஸ்டு 15. முகாமுக்குள் வதந்திகள் மட்டும் உலவின. காவலர்கள் வழக்கம்போலக் காவலில் நின்றார்கள். 17 வெள்ளிக்கிழமை. வெயில் ஏறிக்கொண்டிருந்த காலைப்பொழுதில் விமானம் ஒன்றின் இரைச்சல் கேட்டது. முதலில் உயரத்தில் சுற்றியது. பிறகு மரங்களின் தலையை உரசுவது போலத் தாழ்ந்து வந்தது. அதன் உடலில் அமெரிக்க நட்சத்திரம் தெரிந்தது.

பள்ளியை நிறுவிய ஹட்சன் டெய்லரின் கொள்ளுப்பேத்தி மேரி டெய்லருக்கு அப்போது 12 வயது. வயிற்றுப்போக்கினால் மாடியில் படுத்திருந்த அவர், சத்தம் கேட்டு எழுந்து சன்னலுக்கு ஓடினார். விமானத்தின் வயிற்றைத் திறந்துகொண்டு மனிதர்கள் குதிப்பதையும், பாராசூட்டுகள் விரிவதையும் கண்டார். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு முகாமில் யாரும் யாருடைய கட்டளைக்கும் காத்திருக்கவில்லை. பெரியவர்கள் அழுதார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள், காற்றில் கையை வீசிக் கூவினார்கள். கூட்டம் வாயிற்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது. காவலர்கள் கையில் துப்பாக்கியோடு நின்றிருந்தும் சுடவில்லை. இரண்டு ஆண்டுகளாக மதிலுக்கு வெளியே கால் வைத்திராத பிள்ளைகள், செருப்பில்லாத கால்களோடு, கல்லிலும் முள்ளிலும் ஓடிச் சோளக் கொல்லைகளை அடைந்தார்கள். கதிர் முற்றி ஆள் உயரத்துக்கு மேல் நின்ற சோளத்துக்குள் பாராசூட் வீரர்கள் துப்பாக்கியை நீட்டியபடி பதுங்கியிருந்தார்கள். எதிரியை எதிர்பார்த்து நின்ற அவர்களை வந்து மொய்த்தது, கந்தல் உடுத்திய குழந்தைகளும் எலும்பும் தோலுமான பெரியவர்களும் சேர்ந்த கூட்டம். அந்தக் கூட்டம் அவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு முகாமுக்குத் திரும்பியது.

பாராசூட்டில் வந்தவர்கள் யார்? ஏன் அவ்வளவு அவசரமாக வந்தார்கள்?

மொத்தம் ஏழு பேர். தலைவர் மேஜர் ஸ்டான்லி ஸ்டைகர். அவரோடு ஜேம்ஸ் மூர், ஜேம்ஸ் ஹானன், தடாஷி நகாகி, ரேமண்ட் ஹன்சுலக், பீட்டர் ஓர்லிச், சீன மொழிபெயர்ப்பாளராக வாங் செங்ஹான் என்ற இளைஞர். அமெரிக்காவின் போர்க்கால உளவு அமைப்பு, ஜப்பான் சரணடைந்தவுடன் சீனாவிலும் மஞ்சூரியாவிலும் இருந்த கைதி முகாம்களுக்குச் சிறு சிறு குழுக்களை அனுப்பியது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பறவையின் பெயர். வெய்ஷியனுக்கு வந்தது ‘வாத்து’. தோற்றுப்போன காவலர்கள் ஆத்திரத்தில் கைதிகளைக் கொன்றுவிடக்கூடும் என்ற அச்சமே அவசரத்துக்குக் காரணம்.

இவர்களில் இருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் மூர், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து சீஃபூ பள்ளியிலேயே படித்தவர். தம் பள்ளி அங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தே வந்தவர். தமக்குத் தெரிந்த ஆசிரியர்களை அந்தக் கந்தல் கூட்டத்தின் நடுவே கண்டுபிடித்தார். நகாகி, ஜப்பானிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகன். ஜப்பானிய முகத்தை அச்சத்தோடு மட்டுமே பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, தங்களை மீட்க வானத்திலிருந்து இறங்கிய வீரர்களில் ஒருவர் அந்த முகத்தோடு சிரித்துக்கொண்டு நின்றது பெரிய பாடம். எந்த வகுப்பறையும் அதைக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

வீரர்கள் வாயிலுக்கு வரும்போதே பேண்டு வாசித்ததாகச் சொல்கிறார்களே, அது எப்படி முடிந்தது?

அது திடீரென்று நடந்ததல்ல. முகாமில் இரட்சணிய சேனை என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பைச் சேர்ந்தவர்களின் பேண்டுக் குழு இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவர்கள் பயிற்சி செய்வது வழக்கம். என்றைக்காவது விடுதலை வரும், ஆனால் எந்த நாட்டுப் படை வந்து மீட்கும் என்று தெரியாது என்பதால், அமெரிக்கா, பிரிட்டன், சீனா, ரஷ்யா ஆகிய நாடுகளின் தேசிய கீதங்களைக் கோத்து ஒரு ‘வெற்றி’ இசைத்தொகுப்பை அவர்கள் முன்கூட்டியே ஆயத்தம் செய்திருந்தார்கள். காவலர்களின் காதுக்கு எட்டாதபடி, இடையிடையே ஞானப்பாட்டுகளைச் சேர்த்து, கீதங்களைத் துண்டு துண்டாகப் பயின்றார்கள்.

ஆகஸ்டு 17 அன்று வாயிலருகே இருந்த மேட்டில் ஏறி அந்தத் தொகுப்பை முழுவதுமாக முதன்முறையாக உரக்க வாசித்தார்கள். அமெரிக்க கீதம் வந்தபோது, குழுவில் டிராம்போன் வாசித்த அமெரிக்க இளைஞர் ஒருவர் ஊத முடியாமல் தரையில் சரிந்து அழுதார். தோளிலிருந்து இறங்கிய மேஜர் ஸ்டைகர் விறைத்து நின்று வணக்கம் செலுத்தினார். அன்று அங்கே இருந்த பிள்ளைகள் முதுமையில் எழுதியவற்றிலும் பேசியவற்றிலும் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது.

ஏழு பேரிடம் முகாம் எப்படிச் சரணடைந்தது?

ஸ்டைகர் நேராக முகாம் தலைமை அதிகாரியின் அறைக்குப் போனார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு அதிகாரம் கைமாறியது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. வெளியே சீனாவின் உள்நாட்டுப் போர் மூண்டுகொண்டிருந்ததால், முகாமைப் பாதுகாக்க அதே ஜப்பானியக் காவலர்களே அமெரிக்கர்களின் கட்டளையின் கீழ்ச் சில காலம் காவலில் வைக்கப்பட்டார்கள்.

பிள்ளைகள் எப்படிக் கொண்டாடினார்கள்?

வீரர்களை நிழல்போலப் பின்தொடர்ந்ததே முதல் கொண்டாட்டம். அவர்கள் உட்கார்ந்தால் மடியில் ஏறினார்கள், நடந்தால் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டைப் பொத்தான், தோள் சின்னம், கையெழுத்து, பாராசூட் துணித் துண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் நினைவுப் பொருளாகக் கேட்டு வாங்கினார்கள். முடிக்கற்றையைக்கூட வெட்டி வாங்கிக்கொண்ட சிறுமிகள் உண்டு. வீரர்கள் கொடுத்த சூயிங்கம்மைப் பிள்ளைகள் மென்று, சுவை தீரும் முன்பே அடுத்தவர் வாய்க்கு மாற்றி, ஒன்றைப் பலராகப் பகிர்ந்துகொண்டார்கள். தூய்மையில் அத்தனை கண்டிப்பாக இருந்த ஆசிரியைகளின் கண்ணெதிரே இது நடந்தது. வீரர்கள் அமெரிக்கப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் முகாமெங்கும் பாடித் திரிந்தார்கள்.

பாராசூட் துணிக்கு ஒரு தனிக் கதை உண்டு. முகாமில் இருந்த பெண் ஒருவர் அந்தப் பட்டுத் துணியில் வீரர்கள் இறங்கும் காட்சியை நூலால் பூவேலை செய்து, ஏழு பேரின் கையெழுத்தையும் அதில் பெற்று, குழுவின் மிக இளையவரான வானொலி இயக்குநர் ஓர்லிச்சுக்குப் பரிசளித்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஓர்லிச்சின் குடும்பத்தார் அதைப் போற்றி வைத்திருந்தார்கள்.

இன்னொரு கொண்டாட்டம் அமைதியானது. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. மதிலுக்கு வெளியே நடக்கலாம் என்று ஆனவுடன், பிள்ளைகள் வயல்வெளிகளில் நடந்தார்கள். யாரும் எண்ணாமல், மணி ஒலிக்குக் காது கொடுக்காமல், போக நினைத்த பக்கமெல்லாம் போனார்கள்.

சாப்பாடு உடனே கிடைத்ததா?

சில நாட்களில் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் வந்து உணவும் உடையும் மருந்தும் போட்டன. பெரிய இரும்புப் பீப்பாய்களில் அடைத்துப் பாராசூட்டில் இறக்கினார்கள். சில பாராசூட்டுகள் விரியாமலும் அறுந்தும் போனதால் பீப்பாய்கள் குண்டுபோல விழுந்து வெடித்தன. டின் பழங்களும் சூப்புத் தூளும் வயலெங்கும் சிதறின. சோளத்துக்கும் கூழுக்கும் பழகிப்போன வயிறுகள் கொழுப்பையும் இனிப்பையும் தாங்கவில்லை. விடுதலைக்குப் பின் முகாமில் முதலில் பரவியது வயிற்று உபாதைதான்.

பிள்ளைகள் எப்போது வீடு திரும்பினார்கள்?

உடனே இல்லை. ரயில் பாதைகளை உள்நாட்டுப் போரில் ஈடுபட்டவர்கள் துண்டித்தபடியே இருந்தார்கள். செப்டம்பர் இறுதியில் ஒரு பகுதியினர் ரயிலில் சிங்டாவ் துறைமுகத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் அக்டோபரில் விமானத்தில் கொண்டுபோகப்பட்டார்கள்.

மேரி டெய்லரும் அவருடைய அக்காவும் இரண்டு அண்ணன் தம்பியரும் செப்டம்பர் தொடக்கத்திலேயே விமானத்தில் புறப்பட்டு, ஷான்ஷி மாகாணத்தில் இருந்த பெற்றோரின் வீட்டைச் சேர்ந்தார்கள். பெற்றோரைப் பார்த்து ஐந்தரை ஆண்டுகள் ஆகியிருந்தன. மழையில், சேற்றில், ரயிலும் கோவேறு கழுதை வண்டியுமாகப் போய்ச் சேர்ந்த அந்தப் பிள்ளைகள் சன்னல் வழியே தாய் தந்தையரைக் கண்டு கூவிக்கொண்டே உள்ளே ஓடினார்கள்.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. ஆறு வயதில் விட்டுப்போன மகன் பன்னிரண்டு வயதில் எதிரே வந்து நின்றபோது அடையாளம் தெரியாத தாய்மார் இருந்தார்கள். ‘அம்மா’ என்று யாரைக் கூப்பிட வேண்டும் என்று தடுமாறிய பிள்ளைகளும், போர்க்காலத்தில் பிறந்த தம்பி தங்கையை முதன்முதலாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

அப்படியானால் இதை மகிழ்ச்சியான கதை என்று சொல்லலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தக் காலையின் மகிழ்ச்சியைப் படித்து நெகிழ்ந்தவர்கள். அந்த மகிழ்ச்சி முழு உண்மை. ஆசிரியர்களின் உழைப்புக்கு எந்த நன்றியும் ஈடாகாது. முகாமில் இருந்தபோது தாங்கள் பாதுகாப்பாக உணர்ந்ததாகப் பலர் பின்னாளில் சொன்னதற்கு அவர்களே காரணம்.

ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது என்பது என் கருத்து. அந்தப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து முதலில் பிரித்தது போர் அல்ல. இறைப்பணிக்குக் குழந்தையும் தடையாகக் கூடாது என்று கருதிய அமைப்பின் நடைமுறைதான் ஆறு வயதுப் பிள்ளையை ஆயிரம் மைல் தொலைவுக்கு அனுப்பியது. போர் அந்தப் பிரிவை ஓராண்டிலிருந்து ஐந்தாறு ஆண்டுகளாக நீட்டியது. முன்னாள் மாணவர்களுள் சிலர் அந்த வளர்ப்பை வாழ்நாள் முழுவதும் போற்றினார்கள். சிலர் அதன் காயத்தை முதுமைவரை சுமந்தார்கள். இரு தரப்பையும் கேட்காமல், ஆகஸ்டு 17-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு இனிய கதையாக்குவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அவர்கள் அன்று ஓடிய ஓட்டத்தில் நாட்டின் வெற்றியைவிட, இனி அம்மாவைப் பார்க்கலாம் என்ற நினைப்பே மிகுந்திருந்தது என்று கொள்வதே பொருத்தம்.

பள்ளியும் முகாமும் இப்போது என்ன ஆயின?

போருக்குப் பின் பள்ளி சீனாவில் வேறு இடங்களில் தொடர்ந்து, 1951-இல் மிஷனரிகள் சீனாவை விட்டு வெளியேறியபோது மூடப்பட்டது. பிறகு மலேசியாவின் கேமரன் மலைப்பகுதியில் சீஃபூ என்ற பெயரிலேயே நடந்து 2001-இல் நிறைவடைந்தது. வெய்ஃபாங்கில் முகாமின் சில கட்டடங்கள் காக்கப்பட்டு அருங்காட்சியகமாக இருக்கின்றன. எரிக் லிடெலுக்கு அங்கே ஸ்காட்லாந்துக் கருங்கல்லில் நினைவுக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. 2005-இல், விடுதலையின் 60-ஆம் ஆண்டில், முன்னாள் கைதிகள் பலர் முதுமையோடு அங்கே திரும்பி வந்தார்கள்.

மீட்க வந்த வீரர்களைப் பிள்ளைகள் மறுபடியும் சந்தித்தார்களா?

மேரி டெய்லர், திருமணத்துக்குப் பின் மேரி பிரெவிட் ஆகி, நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1997-இல் ஒரு போர்வீரர்கள் ஒன்றுகூடலில் பேசப் போன அவர், தம்மை மீட்டவர்களின் பெயர்களை அங்கே வாசித்தார். அதிலிருந்து தொடங்கிய தேடலில் ஸ்டைகர், மூர், ஹானன், நகாகி ஆகியோரையும், மறைந்துவிட்ட ஹன்சுலக், ஓர்லிச் ஆகியோரின் மனைவியரையும் கண்டுபிடித்தார். தொலைபேசியில் நன்றி சொன்னால் போதாது என்று, அமெரிக்காவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பயணம் செய்து ஒவ்வொருவரையும் நேரில் பார்த்தார். தாங்கள் எந்த வீரச்செயலும் செய்யவில்லை என்றே அவர்கள் சொன்னார்கள். நெப்ராஸ்காவில் விவசாயம் செய்துகொண்டிருந்த நகாகியும் அப்படித்தான் சொன்னார்.

ஏழாமவர் மட்டும் அகப்படவில்லை. மொழிபெயர்ப்பாளர் வாங் செங்ஹானைத் தேடும் வேலை மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. இறுதியில் அவர் குய்யாங் நகரில் வாழ்வது தெரிய வந்தது. 2016-இல், தம் எண்பதுகளில், மேரி சீனாவுக்குப் போய், தொண்ணூறைத் தாண்டியிருந்த வாங்கைச் சந்தித்து நன்றி சொன்னார்.